பேக் அப் டிரைவை மாற்றும் முன்...

என்னுடைய 1 டெராபைட் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் நிரம்பி வழிந்ததால், சென்ற மாதம் 4 டெராபைட் டிரைவ் ஒன்று வாங்கினேன். இணைத்தவுடன் விண்டோஸ் அதை 3.63 டெராபைட் என்று காட்டியது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என எண்ண வேண்டாம். டிரைவ் தயாரிப்பவர்கள் 1000 வீதம் கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024 வீதம் கணக்கிடுகிறது. அவ்வளவுதான்.

பைல்களை மவுஸால் இழுத்துப் போட்டால், இடையில் நின்றுவிட்டால் எது வந்தது, எது வரவில்லை என்று தெரியாது. எனவே ரோபோகாப்பியைப் பயன்படுத்தினேன். விஸ்டா காலத்திலிருந்து இது விண்டோஸுடனேயே வருகிறது. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பழைய போல்டர், புதிய போல்டர், பின்னர் ஸ்லாஷ் இ என டைப் செய்து என்டர் தட்டினால், துணை போல்டர்கள் அனைத்தும் காப்பியாகும். 'எம்ஐஆர்' என்ற ஸ்விட்சை மட்டும் அவசரத்தில் தொட வேண்டாம். மூலம் எது, இலக்கு எது என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால், காலியான புதிய டிரைவைப் போலவே பழையதையும் துடைத்துக் காலியாக்கிவிடும்!

இரவில் ஓடவிட்டுத் தூங்கினேன். காலையில் பார்த்தால், ஒரே பைலில் நின்றுகொண்டிருந்தது. படிக்க முடியாத பைலை 30 விநாடிக்கு ஒரு முறை, 10 லட்சம் தடவை முயற்சி செய்வது ரோபோகாப்பியின் இயல்பு. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒரு வருடம். ஸ்லாஷ் ஆர் கோலன் 1, ஸ்லாஷ் டபிள்யூ கோலன் 1 என்று சேர்த்திருந்தால், ஒரே ஒரு முறை மீண்டும் முயன்றுவிட்டு அடுத்த பைலுக்குச் சென்றிருக்கும். ஸ்லாஷ் லாக் கோலன் என்று கொடுத்து ஒரு பைல் பெயரையும் தந்தால், விடுபட்டவை அதில் பதிவாகும்.

மறுபடி ஓட்டினேன். லாகில் ஒரே ஒரு பைல் தோல்வி. 2013ல் நடந்த அக்கா திருமண வீடியோவின் ஒரு பகுதி அது. தாத்தா பேசுவது பதிவாகியிருப்பது அதில் மட்டும்தான். அவர் அடுத்த வருடமே இறந்துவிட்டார்.

லேப்டாப்பில் இருந்த மூலப் பைலை, இடம் போதவில்லை என்று நானே எப்போதோ அழித்திருந்தேன். பேக் அப், பேக் அப் என்று நான் சொல்லி வந்தது உண்மையில் ஒரே பிரதி!

வீடியோகாரர் அன்று கொடுத்த டிவிடியை அம்மா பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தார். என் லேப்டாப்பில் டிவிடி டிரைவ் கிடையாது. நண்பரின் பழைய டெஸ்க்டாப்பில் போட்டேன். இரண்டு முறை திணறி, மூன்றாம் முறை காப்பியானது.

அந்த வாரமே இன்னொரு 4 டெராபைட் டிரைவ் வாங்கி, அதே கமாண்டை மீண்டும் ஓட்டினேன். அது இப்போது மதுரையில் அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது. பழைய டிரைவை இன்னும் பார்மட் செய்யவில்லை.