எட்டுத் தோலும் ஒரு நூற்றாண்டும்

இங்கிலாந்தில் இருக்கும் நண்பர் பழைய புத்தகங்கள் சேர்ப்பவர். அட்டை உதிர்ந்துபோன பிரதிகளுக்குத் தாமே தோல் அட்டை கட்டுவார். நான் ஆம்பூர் பக்கம் போகும்போது நல்ல ஆட்டுத்தோல் எட்டு வாங்கி அனுப்பும்படி கேட்டிருந்தார். செருப்புக்கோ பர்ஸுக்கோ தோல் வாங்குகிறவர் நிறம், கனம், சதுர அடி விலை மூன்றையும் விசாரித்தால் போதும். செருப்பு மூன்று ஆண்டு உழைத்தாலே நமக்குத் திருப்தி. புத்தகம் சேர்ப்பவரின் கணக்கு நூறு ஆண்டு. அந்தக் கணக்குக்கு முதலில் கேட்க வேண்டியது, இந்தத் தோலை எதைப் போட்டுப் பதனிட்டார்கள் என்பது.

தோலில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்ட இழை அது. இந்த அமைப்பை 1954-இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். எக்ஸ்-கதிர் ஆய்வுக்கு அவர்களுக்கு உதவியது ஒரு கங்காருவின் வால் தசைநாண். அதைக் கொடுத்தது அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். பச்சைத்தோலில் இந்த இழைகளுக்கு இடையே நீர் நிற்கிறது. நீர் இருக்கும்வரை நுண்ணுயிர்கள் தின்னும். நீர் வற்றினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துவிடும். பதனிடுவது என்றால், நீர் இருந்த இடத்தில் வேறொரு பொருளைக் குடியேற்றி, இழைகள் ஒட்டாமலும் அழுகாமலும் பார்த்துக்கொள்வது. எந்தப் பொருளைக் குடியேற்றினோம் என்பதில்தான் அந்தத் தோலின் ஆயுள் இருக்கிறது.

ஆம்பூர் போன்ற பாலாற்றங்கரை ஊர்களில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பழைய வழி ஆவாரம்பட்டை. பட்டைச்சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைத்து, சிவந்துபோகாமல் இருக்கக் கடுக்காய்த் தண்ணீரில் முக்கி, எண்ணெய் தடவிக் காயவைப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் மதராஸ் துறைமுகத்திலிருந்து லண்டனுக்குக் கட்டுக்கட்டாகப் போன ஈ.ஐ. (கிழக்கிந்திய) தோல் இப்படிப் பதமானதுதான். இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. புதிய வழி குரோம். ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903-இல் மதராஸில் அதற்கான சோதனைகளைத் தொடங்கினார். குரோமிய உப்பு போட்டுப் பெரிய மர டிரம்மில் சுழற்றினால் ஒரு நாளுக்குள் வேலை முடிகிறது. ஆம்பூரின் ஷூக்கள் பெரும்பாலும் இந்தத் தோலில் ஆனவை. அந்த வேகத்துக்குப் பாலாறும் கரையோரக் கிணறுகளும் கொடுத்த விலை மிகப் பெரிது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் ஆழமாக ஊன்றிய 1996 உச்சநீதிமன்றத் தீர்ப்பு, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் வந்தது. தோல் வாங்கப் போகிறவர் எவரும் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சரி, பழைய வழியில் பதமான தோல் என்றாலே புத்தகத்துக்கு நல்லதா? இங்கேதான் லண்டன் நூலகங்களின் கதை வருகிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே தோல் அட்டைகள் செந்தூளாக உதிர்ந்தன. புத்தகத்தை எடுத்தால் விரலெல்லாம் சிவப்பு. இதை ஆராய லண்டனின் கலைச் சங்கம் அமைத்த குழு 1901-இல் அறிக்கை தந்தது. நம் ஊரிலிருந்து போன ஆட்டுத்தோலையும் செம்மறித்தோலையும் புத்தகத்துக்கு ஆகவே ஆகாதவை என்று அது ஒதுக்கியது. ஓர் ஆண்டுக்குள்ளேயே சிதைவு தெரிந்ததாகவும் சொன்னது.

இந்தச் சிதைவின் வேதியியல் இது. தாவரத் துவர்ப்பொருள்கள் இரண்டு குடும்பம். ஆவாரம்பட்டை ஒன்றைச் சேர்ந்தது, கடுக்காய் மற்றொன்றைச் சேர்ந்தது. நிலக்கரி எரியும் ஊரில் காற்றில் கந்தக டை ஆக்சைடு இருக்கும். ஆவாரம்பட்டைக் குடும்பத்தில் பதமான தோல் அந்த வாயுவை எளிதில் பிடித்துக்கொள்கிறது. அது தோலுக்குள்ளேயே கந்தக அமிலமாகி, கொலாஜன் சங்கிலிகளை வெட்டிவிடுகிறது. கடுக்காய்க் குடும்பம் இதை நன்றாகத் தாங்கும்.

ஆனால் பழியை ஆவாரம்பட்டைமேல் மட்டும் போடுவது நியாயம் இல்லை என்றே நினைக்கிறேன். நம்மிடமிருந்து போனது பாதிப்பதத் தோல். பளிச்சென்ற சாயம் ஏற வேண்டும் என்பதற்காக அங்கே தோலைக் கந்தக அமிலத்தில் முக்கினார்கள். அதே குழு அதையும் கண்டித்தது. காற்றின் பங்கும் பிறகு நிரூபணமானது. 1930-களில் தொடங்கிய நீண்ட சோதனையில், ஒரே மாதிரி அட்டை கட்டிய புத்தகங்களில் ஒரு பாதியை லண்டனிலும் மறு பாதியை வேல்ஸின் கடலோர ஊரான அபெரிஸ்ட்வித்திலும் வைத்தார்கள். சுத்தக் காற்றில் இருந்தவை நன்றாகத் தாக்குப்பிடித்தன. லண்டன் பிரதிகள் சிதைந்தன.

ஆகவே புத்தக அட்டைக்குக் கேட்க வேண்டியது கடுக்காய் மேலோங்கிய தாவரப் பதம். அதன்மேல் அலுமினிய உப்பு கொண்டு மறுபதம் செய்த தோல் கிடைத்தால் இன்னும் மேல். ஆவணக் காப்பகங்கள் நாடுவது அத்தகைய தோலைத்தான். கடைக்காரர் சொல்வதை நாமே சோதித்துப் பார்க்கலாம். ஓரத்தில் விரல்நகம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டிக் கொதிநீரில் போடுங்கள். தாவரப் பதம் மட்டும் என்றால் நொடிகளில் சுருங்கிச் சுருண்டு கெட்டியாகிவிடும், ஏனென்றால் அதன் தாங்குதிறன் 70 முதல் 85 டிகிரி வரைதான். நல்ல குரோம் தோல் 100 டிகிரியிலும் அசையாமல் கிடக்கும். வெட்டுமுகத்தைப் பார்த்தாலும் தெரியும். குரோம் தோலின் நடுவில் நீலச் சாம்பல் நிறம் இருக்கும். முழுக்கச் சாயம் ஊறியிருந்தால் கண் ஏமாறும், அலுமினிய மறுபதம் இருந்தால் கொதிநீரும் ஏமாறும்.

அடுத்தது பயணம். தோல் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கியும் விட்டும் கொண்டே இருக்கும். சென்னையின் ஈரக் காற்றோடு மூடிய இரும்புக் கன்டெய்னர் ஐரோப்பியக் குளிருக்குள் நுழையும்போது, உட்கூரையில் நீர் கோத்துச் சரக்கின்மேல் சொட்டும். பூஞ்சணம் பிடிக்க அது போதும். ஒரு காலத்தில் இதைத் தடுக்க ஷூ, சோபாப் பெட்டிகளில் டைமெத்தில் ஃபியூமரேட் பொட்டலங்கள் வைத்தார்கள். பூஞ்சணம் வரவில்லை, வாங்கியவர்களின் தோல் வெந்தது. 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடை செய்தது. எட்டுத் தோலுக்குக் கப்பல் தேவையில்லை, விமானத் தபால் போதும். மடித்தால் கோடு விழும், அதனால் முகப்புப் பக்கம் வெளியே இருக்கும்படி அட்டைக் குழாயில் சுற்ற வேண்டும். அமிலம் இல்லாத தாளில் பொதிந்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு வைக்கலாம். வெயிலில் காய்ந்த சூட்டோடு கட்டக் கூடாது. நிழலில் ஒரு நாள் விரித்துவைத்துக் கட்டுவது நல்லது.

தோலோடு பழைய பொருள்களையும் வாங்கி அனுப்பச் சொல்லும் நண்பர்கள் உண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளையும், வரலாற்று மதிப்புள்ள 75 ஆண்டு கடந்த கையெழுத்துச் சுவடியையும் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பாம்புத்தோல், உடும்புத்தோல் பக்கமே போகக் கூடாது. வனவிலங்குச் சட்டம் குறுக்கே நிற்கும், நிற்கவும் வேண்டும். தோலுக்கான ஏற்றுமதி விதிகளும் அடிக்கடி மாறுபவை. 2025 பட்ஜெட்டில், பதனிட்டு இன்னும் மெருகேற்றாத கிரஸ்ட் தோலுக்கு இருந்த 20 விழுக்காடு ஏற்றுமதி வரி நீங்கியது. பார்சல் கட்டுவதற்கு முன் தபால் அலுவலகத்தில் அன்றைய விதியைக் கேட்டுக்கொண்டு, சுங்கப் படிவத்தில் எந்த விலங்கின் தோல், எந்தப் பதம், எத்தனை சதுர அடி, என்ன விலை என்று எழுதி, கடை ரசீதின் நகலைச் சேர்த்துவிட்டால் அங்கே இறங்கும்போது தகராறு குறையும்.