மிதக்கும் சூரியத் தகடுகளும் துலக்கும் யந்திரங்களும்

சென்னைத் துறைமுகத்தில் இறக்கப்பட்ட நிலக்கரியின் கரும்பொடி இராயபுரத்து வீட்டுச் சுவர்களிலும் மாடியில் உலர்த்திய துணிகளிலும் படிந்துகொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. சென்னை உயர் நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு மே மாதம் அளித்த தீர்ப்பின் பயனாக, அவ்வாண்டு அக்டோபர் முதல் அந்தப் பணி எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாற்றப்பட்டது. இராயபுரத்துக்கு விமோசனம் கிட்டிற்று. எண்ணூரிலோ, அத்திப்பட்டு, வல்லூர் அனல் மின் நிலையங்களின் சாம்பலும், மணலி ஆலைகளின் புகையும், கடற்காற்று சுமந்து வரும் உப்பும் ஒரே ஆகாயத்தில் கலக்கின்றன. இத்தகைய பிரதேசத்தில் சூரிய மின்சாரம் எடுக்க விரும்புவோர், தகடுகளை எங்கே நிறுவுவது என்பதோடு, அவற்றை எவ்வாறு சுத்தமாக வைத்திருப்பது என்பதையும் சேர்த்தே ஆலோசிக்க வேண்டும்.

நிலம் அரிதான இடங்களில் நீர்நிலையின்மேல் மிதவைகளைப் பரப்பி, அவற்றின்மீது தகடுகளைப் பொருத்தும் முறை நம் நாட்டில் வேரூன்றிவிட்டது. தூத்துக்குடி ஸ்பிக் உர ஆலையின் நீர்த்தேக்கத்தில் 25.3 மெகாவாட் திறனுள்ள மிதவை நிலையம் 2022 மார்ச்சில் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே தெலங்கானாவின் ராமகுண்டத்தில் 100 மெகாவாட் நிலையம் முழுமை பெற்றது. தகடுகளின் நிழலால் நீர் ஆவியாவது குறைகிறது. 25 டிகிரி செல்சியசுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கன் தகடு தன் திறனில் ஏறத்தாழ 0.4 சதவீதத்தை இழக்குமாதலால், நீரின் குளிர்ச்சியும் அனுகூலமே.

ஆயினும் நீரின்மேல் இருப்பதனாலேயே தகடு அழுக்கிலிருந்து தப்பிவிடுவதில்லை. காற்றின் வேகத்துக்கு அஞ்சி மிதவைத் தகடுகளைச் சற்றே சாய்த்து வைப்பதால், மழைநீர் விரைந்து வழியாமல் விளிம்பில் தேங்கி, காய்ந்தபின் சேற்றுக்கோடாக நிற்கிறது. இரவின் பனியில் கரையும் உப்பும் சாம்பலும் காலை வெயிலில் உலர்ந்து இறுகிக் கண்ணாடியைப் பற்றிக்கொள்கின்றன. நீர்க்காகங்களும் கடற்காக்கைகளும் இளைப்பாறிச் செல்லுமிடத்தில் அவற்றின் எச்சம் ஒரு சூரியக் கலத்தளவு இடத்தை மறைத்தாலும், தொடரிணைப்பில் உள்ள மற்றக் கலங்களின் மின்னோட்டம் அந்த ஒரு கலத்தைத் தகிக்கச் செய்து, நாளடைவில் தகட்டையே பழுதாக்கக்கூடும்.

காந்திநகர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரும் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தாரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இங்கே மிகவும் சிந்திக்கத்தக்கது. சில வாரங்கள் துடைக்காது விட்ட தகடுகளைச் சுத்தம் செய்தபோது உற்பத்தி ஏறத்தாழ 50 சதவீதம் உயர்ந்தது. படிந்ததன் எடையில் நூற்றுக்கு 92 பங்கு மண்தூசி. ஆனால், மனிதர் செயலால் எழும் கரியும் மாசு உப்புகளுமான சிறு பங்கே, எடைக்கு எடை ஒளியை அதிகம் தடுக்கவும் கண்ணாடியில் இறுக ஒட்டவும் வல்லதாயிருந்தது.

இதனைப் போக்க நீரைப் பீய்ச்சலாம். எனினும் உவர்நீர் தன் உப்பைத் தகட்டிலேயே விட்டுப் போகும். சோப்பு கலந்த நீரோ நேரே கீழுள்ள நீர்நிலையில் விழும். இஸ்ரேலின் கெத்துராவில் 2014 முதல், நீரின்றி நுண்ணிழைத் துடைப்பானைச் சுழற்றும் ரோபோக்கள் இரவுதோறும் தகடுகளைத் துலக்கின. ஆனால் உறுதியான நிலத்தில் நேராக ஓடும் யந்திரம், அலைக்கேற்ப ஏறி இறங்கும் மிதவை வரிசைகளின் இடைவெளியைக் கடக்கத் தனி ஏற்பாடு வேண்டும்; இறுகிய உப்பை உலரவே தேய்த்தால் கண்ணாடியின் மேற்பூச்சுக்கும் ஊறு நேரும். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2022இல் விளக்கிய முறையில், தகட்டின் மேலே நகரும் மின்முனை தூசிக்கு மின்னூட்டம் அளித்து அதனைத் தொடாமலேயே எழுப்பி விலக்குகிறது. காற்றில் 30 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் இது நன்கு வேலை செய்யுமென்பது நம் கடற்கரைக்கு நற்செய்தி.

ஆதலின் ஒரே யந்திரத்தை நம்புவதை விட, சுத்தமான ஒரு கலத்தையும் திறந்து கிடக்கும் ஒரு கலத்தையும் ஒப்பிட்டு அழுக்கின் அளவை அறிவிக்கும் கருவியை அமைத்து, தேவைப்படும் வேளையில் மட்டும், தூசிக்கு உலர்முறையும் எச்சத்துக்குச் சிறிதளவு நன்னீருமாகக் கையாளுவதே விவேகம். எண்ணூர்க் கழிமுகத்தை நம்பி வாழும் மீனவர் இருக்குமிடத்தில், தகட்டைத் துலக்கும் எந்த முறையும் நீரைக் கெடுக்கலாகாது. அதனினும் முதன்மையான கடமை ஒன்று உண்டு: தகட்டின் ஒளியை மறைக்கும் நுண்துகளே அவ்வூர்க் குழந்தைகளின் சுவாசத்திலும் புகுவதால், சாம்பலையும் கரித்தூசியையும் புறப்படும் இடத்திலேயே அடக்குவது தகட்டுக்கும் மக்களுக்கும் ஒருங்கே செய்யும் நன்மையாகும்.