உள்ளத்துக்கு ஓர் அரண்

மாதோட்டத்துப் பாலாவிக் கரையிலே திருக்கேதீஸ்வரம் விளங்குகின்றது. ஒன்பது கோள்களுள் ஒன்றாகிய கேது இறைவனை வழிபட்ட தலமாதலின் இப்பெயர் பெற்றது என்பது மரபு. கேது என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தே நம்மவர் பலருக்கு நெஞ்சு துணுக்குறும். அஞ்சப்படும் கோளே அடியவனாய் நின்ற இவ்விடத்தில், அச்சத்துக்கு மருந்து யாது என எண்ணிப் பார்ப்பது பொருந்தும்.

உடலைத் தாக்கும் வாளுக்குக் கேடயம் உண்டு. உள்ளத்தைத் தாக்கும் பகைக்கு எது கேடயம்? இவ்வினாவை மேனாட்டார் விளையாட்டிலும் எழுப்பியுள்ளனர். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தில், மேசையைச் சூழ்ந்திருப்போர் வீரராகவும் மந்திரவாதியாகவும் பாத்திரம் ஏற்றுக் கதை நடத்துவர்; வெற்றி தோல்வி ஐயமாகுமிடத்துப் பகடை உருட்டுவர். பகைவன் மனத்தை மயக்க வந்தால் அதைத் தடுக்கவும் மந்திரங்கள் உண்டு. அவற்றுள் வலியதொன்று, ஒருநாள் முழுதும் மனத்தைப் பிறர் தீண்டாதவாறு அடைத்துவிடும். அது கைவராதவனுக்குப் பகடையே கதி. அப்போதும், இன்றைய விதிகளின்படி, பெரும்பாலும் துணைநிற்பது அவன் பாத்திரத்துக்குரிய 'ஞானம்' என்னும் பண்பின் மதிப்பே.

நம் மரபிலும் இத்தகைய அரண் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் தேவராய சுவாமிகள் பாடிய கந்த சஷ்டி கவசம், உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வேலைக் காவல் வைக்கின்றது. பில்லி சூனியத்தையும் பேய்களையும் விரட்டுகின்றது.

ஆயின் 7ஆம் நூற்றாண்டிலே சம்பந்தர் கண்ட அரண் வேறு வகையானது. திருக்கேதீஸ்வரத்தையும் பாடிய அப்பெருமான், மறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்பட்டபோது, கோள்நிலை தீயது என்று அப்பர் அன்பினால் தடுத்தார் எனப் பெரியபுராணம் கூறும். சம்பந்தர் அவரை இகழவில்லை. கோள்கள் இல்லை என வாதிடவுமில்லை. கோளறு பதிகம் பாடினார். அதில் கேது உட்பட எக்கோளும் அழிக்கப்படுவதில்லை. எல்லாம் அடியார்க்கு நல்லனவாகவே அமைகின்றன.

வேறுபாடு ஈண்டுதான் உளது. அடைத்த மனத்தில் பகை நுழையாது, அன்பும் நுழையாது. ஒருநாள் கழிந்தால் அம்மந்திரமும் கழியும். பகையையே நட்பாகக் காணும் மனத்துக்கோ காவலின் தவணை முடிவதில்லை.

கவலை கொண்ட தாய் மகன் கையிற் கட்டும் காப்பு நூலை நாம் பழிக்கவில்லை. அதில் அன்பு இருக்கின்றது. அச்சத்தை முதலில் விற்று, பின்னர் அதற்குக் காப்பும் விற்போரையே சொல்லுகின்றோம். 2009ஆம் ஆண்டு வரை நீடித்த போரைக் கண்ட கரை இது. அப்போர் உள்ளத்தில் விட்டுச்சென்ற புண்ணுக்கு மருத்துவர் துணையும் சுற்றத்தார் துணையும் வேண்டும். பரிகாரம் விற்போர் அதனை ஆழமாக்குவரேயன்றி ஆற்றார்.

சிவராத்திரியன்று பாலாவி நீரைக் குடத்தில் முகந்து, தம் கையாலேயே இலிங்கத்துக்கு வார்க்கும் அடியவர் வரிசையைப் பாருங்கள். அவ்வரிசையிலே கேதுவும் ஒருவனாக நிற்கின்றான் என்று எண்ணினால், அவனை அஞ்சுவதற்கு யாது உளது?