செக்ரோலில் ஏறாத களைப்பு

றொசல்ல தேயிலை மலையில் கொழுந்து பறிக்கிறவரின் உழைப்பு அன்றன்றே எண்ணாகிவிடும்: எத்தனை கிலோ, முழுநாள் சம்பளமான முழுப்பேரா அதில் பாதியான அரைப்பேரா, மாதத்தில் எத்தனை நாள். வராத நாளும் செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டில் தெரியும். ஏன் வரவில்லை என்பது தெரியாது. அந்த வெற்றுக் கட்டத்துக்குள் மறைந்துபோகக்கூடிய ஒரு நோய், மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் எனும் தண்டுவட மரப்பு நோய்.

ஆள் கணக்கு
2020ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகில் 28 இலட்சம் பேருக்கு இந்நோய் உண்டு. ஓர் இலட்சம் பேரில் 36 பேர். ஓர் ஆணுக்குக் குறைந்தது 2 பெண்கள். கண்டுபிடிக்கப்படும் சராசரி வயது 32. வீட்டைத் தாங்கி நிற்கிற வயது அது. நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள இலங்கையில் இது அரிது. அரிதானதை யாரும் எளிதில் சந்தேகிப்பதில்லை.

உடல் கணக்கு
உடலின் காவல் அணுக்களே மூளை, தண்டுவட நரம்புகளின் மையலின் உறையைத் தாக்குகின்றன. இதனால் வரும் இயலாமையை அளக்க நரம்பியல் வைத்தியர் குர்ட்ஸ்கி 1983இல் விரித்தெழுதிய அளவுகோல் 0 முதல் 10 வரை. 4இல் துணையின்றி 500 மீட்டர் நடக்கலாம். 6இல் 100 மீட்டருக்கே கைத்தடி வேண்டும். கூடை சுமந்து சரிவில் ஏறுகிறவருக்கு 4க்கு முன்பே மலை எட்டாமல் போகும். வெயிலில் உடல் சூடேறினால் அறிகுறிகள் கூடும். நோயாளர் 10 பேரில் ஏறக்குறைய 8 பேருக்குக் கடுங்களைப்பு. அதற்கு நாம் வைக்கும் பெயர் சோம்பல்.

காசுக் கணக்கு
2024 செப்டெம்பர் வர்த்தமானி நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அந்தக் கணக்கில் 25 நாளுக்கு 33,750. களைப்பில் 8 நாள் நின்றால் 10,800 போய்விடும். கிளினிக்குக்குத் துணையாக இன்னொருவரும் வேலையை விட்டு வந்தால் ஒரே நாளில் 2,700. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தான். போய்வரும் நாள் இலவசமில்லை.

மனக் கணக்கு
இந்நோயாளரில் 100க்கு ஏறத்தாழ 30 பேர் மனச்சோர்வில் இருப்பதாக ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. நோயை நினைத்து வரும் கவலை மட்டுமல்ல இது. மூளையில் ஏற்படும் பாதிப்பும் காரணம். இந்நோயாளரின் வாழ்க்கைத் தரத்தை அளக்க 54 கேள்விகள் கொண்ட பட்டியல் உண்டு. கால் தளர்வதைப் போலவே, சில வேளை அதைவிடவும் அதிகமாக, மனச்சோர்வு வாழ்க்கைத் தரத்தைக் குலைக்கிறது. ஆனால் மருந்தாலும் உளவளத்துணையாலும் அதைக் குறைக்க முடியும்.

அதற்கு முதலில் கேட்க வேண்டியவை 2 கேள்விகள்: கடந்த 2 வாரத்தில் எதிலும் ஆர்வம் இல்லாமல் போனதா? மனம் சோர்ந்து நம்பிக்கை இழந்ததா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 புள்ளி. கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் வைத்தியர் விரிவாகப் பார்க்க வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 தொலைபேசிச் சேவையும் இருக்கிறது.

தோட்ட டிஸ்பென்சரியிலும் 150 கட்டில் கொண்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலும் அந்த 2 கேள்விகளைத் தமிழில் கேட்க மருந்து வேண்டாம், கருவி வேண்டாம். இந்தக் கணக்கு முழுவதிலும் செலவில்லாத வரி அது ஒன்றுதான். அதை முதல் வரியாக எழுதுவோம்.