விசிலை விழுங்கியிருக்கலாம்!

2016-ல் எங்க ஊரில் நடந்த ராத்திரி டோர்னமெண்ட் அது. பேஸ்கட்பால். வரவேண்டிய ரெஃபரி பஸ்ஸைக் கோட்டைவிட்டுவிட, காலேஜில் ரெண்டு வருஷம் ஆடியவன் என்ற ஒரே தகுதியில் என் கழுத்தில் விசிலை மாட்டிவிட்டார்கள். (அதில் முக்கால்வாசி நாள் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன் என்பது கமிட்டிக்குத் தெரியாது.)

ஆரம்பத்தில் அமர்க்களமாகத்தான் ஊதினேன். ஃப்ரீ த்ரோ போடுகிறவன் கையை விட்டுப் பந்து கிளம்பும் முன்பே எதிர் டீம்காரன் ஒருத்தன் உள்ளே கால் வைத்தான். பந்து விழவில்லை. "மறுபடி போடு தம்பி" என்றேன். விழுந்திருந்தால் பாயிண்ட் உண்டு, கால் வைத்ததைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. இதெல்லாம் எனக்கு அத்துப்படி.

வினை கடைசியில் வந்தது. ஃபைனல். 58-58. மூணு செகண்டு பாக்கி. மஞ்சள் பனியன் பையனுக்குக் கடைசி ஃப்ரீ த்ரோ. பந்து ரிங்கில் 'டொங்'கென்று பட்டு மேலே எழும்பி, விழலாமா வேண்டாமா என்று யோசித்தது. நீல டீமில் ஒட்டடைக்குச்சி மாதிரி ஒரு பையன். எகிறி ஒரே தட்டு. பந்து வெளியே!

"பீ...ப்! கோல்டெண்டிங்! ஒரு பாயிண்ட்!"

மஞ்சளுக்கு 59. கப்பும் அவர்களுக்கே.

கூட்டம் கலைந்தபின் ஒட்டடைக்குச்சி வந்தான். கையில் ரூல் புஸ்தகம்.

"சார், ரிங்கில பட்டப்புறம் தொடலாம் சார்."

"யாருப்பா சொன்னா? டி.வி.யில தினம் பார்க்கறேனே!"

"அது என்.பி.ஏ. சார். நாம ஆடறது ஃபிபா ரூல்."

வாங்கிப் படித்தேன். வயிற்றைக் கலக்கியது. அமெரிக்காவில் ரிங்குக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு டிரம் நிற்பதாகக் கணக்கு. பந்து அதற்குள் இருக்கும்வரை தொட்டால் தப்பு. ஃபிபாவிலோ, கோலுக்கு எறிந்த பந்து ரிங்கைத் தொட்டுவிட்டால் யார் வேண்டுமானாலும் தட்டலாம். ரிங்கைத் தொடுமுன், மேலேயிருந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது தட்டினால்தான் கோல்டெண்டிங். ஃப்ரீ த்ரோவில் இன்னொரு சூட்சுமம்: அடுத்து இன்னொன்று பாக்கியிருந்தால் ரிங்கில் பட்ட பிறகும் கை வைக்கக்கூடாது. கடைசி ஃப்ரீ த்ரோ என்றால் வைக்கலாம். அப்படித் தொட்டு உள்ளே விழுந்தால், ஒண்ணு இல்லை, ரெண்டு பாயிண்ட்!

"இன்னொண்ணு சார்" என்றான் தயங்கி. "நிஜமாவே கோல்டெண்டிங்னா என் மேல டெக்னிக்கல் ஃபவுலும் கொடுத்திருக்கணும். நீங்க கொடுக்கலை."

தப்பைக்கூட முழுசாகச் செய்யத் தெரியாத ரெஃபரி!

1891-ல் ஸ்ப்ரிங்ஃபீல்டில் நெய்ஸ்மித் பீச் பழக்கூடையை மாட்டி இந்த ஆட்டத்தை ஆரம்பித்தபோதே, பந்து விளிம்பில் நிற்கும்போது எதிராளி கூடையை ஆட்டினால் கோல் என்று எழுதிவைத்தார். பிறகு ஏழடி பாப் கர்லண்ட், கிட்டத்தட்ட அதே உயர ஜார்ஜ் மைக்கன் போன்றவர்கள் கூடைக்குப் பக்கத்தில் நின்று விழவரும் பந்தையெல்லாம் தட்டிவிட, 1944-ல் அமெரிக்கக் காலேஜ் ஆட்டத்தில் கோல்டெண்டிங்குக்குத் தடை வந்தது. 2015-ல் அதே காலேஜ் போட்டியில், கடைசி விநாடிகளில் எஸ்.எம்.யூ. டீமின் மொரேரா தொட்ட பந்துக்குக் கோல்டெண்டிங் ஊதி, யு.சி.எல்.ஏ.வுக்கு மூணு பாயிண்ட் கொடுத்தார்கள். 60-59 என்று ஜெயித்தது யு.சி.எல்.ஏ. அந்தப் பந்து உள்ளே போயிருக்குமா என்று ஊரெல்லாம் சண்டை. அதைப் பார்த்தாவது நான் ரூலைப் புரட்டியிருக்கலாம்.

கமிட்டியிடம் ஓடினேன். "கப் கொடுத்தாச்சு, ஃபோட்டோவும் எடுத்தாச்சு. விடுங்க சார்" என்று கையை விரித்தார்கள்.

பையன் அங்கேயே நின்றான். "கப் வேணாம் சார். என்னாலதான் தோத்தோம்னு எவனும் பேச மாட்டேங்கறான். கோச்சும்தான். நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

வேன் கிளம்பத் தயாராக நின்றது. ஜன்னல் பக்கம் போய், "தம்பிகளா, இவன் தட்டினது சரி. நான் ஊதினதுதான் தப்பு" என்றேன். உள்ளே ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. கோச் என்னை முறைத்தார். அப்புறம் யாரோ நகர்ந்து ஜன்னலோரம் இடம் கொடுக்க, அவன் ஏறி உட்கார்ந்தான்.

புஸ்தகத்தை நீட்டினேன்.

"நீங்களே வெச்சுக்குங்க சார். அடுத்த வருஷமும் நாங்க வருவோம்" என்றான்.