சுரண்டியும் அழியாத ஆர்க்கிமிடீஸ்

1229ஆம் ஆண்டு. இயோவானஸ் மைரோனஸ் என்ற குரு ஒரு பிரார்த்தனைப் புத்தகம் எழுத வேண்டியிருந்தது. எழுதுவதற்கான தோல்தாளோ விலை கூடிய பொருள். பழைய ஏடுகள் சிலவற்றைப் பிரித்து, எழுத்தைச் சுரண்டிக் கழுவி, தாள்களைக் குறுக்காகத் திருப்பி மடித்து அதன்மேலேயே எழுதிவிட்டார். அப்படிப் போன ஏடுகளில் ஒன்று, 10ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் படியெடுத்த ஆர்க்கிமிடீஸின் நூல்கள்.

படிக்கும்போது வயிறு எரிகிறது. ஆனால், பிரார்த்தனைப் புத்தகம் ஆனதால்தான் பெத்லகேம் அருகிலுள்ள மார் சபா மடத்துத் துறவிகள் அதைப் பல நூற்றாண்டுகள் கட்டிக் காத்தார்கள். ஆர்க்கிமிடீஸின் கிரேக்க மூலத்தைத் தாங்கிய மற்ற இரண்டு பழைய ஏடுகள் இன்று இல்லை.

அந்தக் கால மைக்கு வேண்டிய சரக்குகள் நம் நாட்டு மருந்துக் கடைகளிலும் கிடைப்பவை: மாசிக்காய், அன்னபேதி, பிசின். ஓக் மரத்தில் குளவி முட்டையிட்ட இடத்தில் திரளும் கழலைதான் மாசிக்காய். அதன் துவர்ப்புச்சத்தோடு அன்னபேதியிலுள்ள இரும்பு கூடும். காற்றுப் பட்டால் கறுக்கும். எழுதும்போது வெளிறித் தெரியும் மை, மெல்ல மெல்லக் கறுத்துத் தோலுக்குள் இறங்கிவிடும். மேலே சுரண்டினாலும் உள்ளே இறங்கிய இரும்பு முழுதாகப் போவதில்லை.

1906இல் டென்மார்க் அறிஞர் ஹைபர்க் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டே, சுரண்டப்பட்ட எழுத்தின் பெரும்பகுதியைப் படித்தார். 1998இல் 20 லட்சம் டாலருக்கு ஏலம் போய், பால்டிமோரின் வால்டர்ஸ் அருங்காட்சியகத்துக்கு வந்தபோது ஏட்டில் பூஞ்சை பிடித்திருந்தது. நான்கு பக்கங்களின் மேல் 20ஆம் நூற்றாண்டில் யாரோ போலிப் படங்களைத் தீட்டியிருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் அந்தப் பக்கங்கள் மீது எக்ஸ்-கதிரைப் பாய்ச்சினார்கள். கதிர் பட்ட இரும்பு அணு தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி உமிழும். அந்த ஆற்றலை மட்டும் பிரித்துப் புள்ளி புள்ளியாகப் பதிவுசெய்ய, படத்துக்கு அடியிலிருந்த எழுத்து திரையில் தெரிந்தது.

இந்த ஏட்டில் மட்டுமே எஞ்சிய நூல் ஒன்று உண்டு: சமகால அறிஞர் எரடோஸ்தீனஸுக்கு ஆர்க்கிமிடீஸ் எழுதிய ‘முறை’. வடிவங்களைக் கீற்றுக் கீற்றாக அரிந்து, கற்பனைத் தராசில் நிறுத்துக் கன அளவு காண்கிறார். கணித வரலாற்று ஆய்வாளர்கள் ரெவியல் நெட்ஸும் கென் சைட்டோவும் 2001இல் அதன் 14ஆவது தேற்றத்தை மறுபடி படித்தார்கள். எண்ணிலடங்காத கீற்றுகள் கொண்ட இரண்டு தொகுதிகளை எடுத்து, இரண்டிலும் எண்ணிக்கை சமம் என்று வாதிடுகிறார் ஆர்க்கிமிடீஸ். கிரேக்கக் கணிதர்கள் முடிவிலியைத் தொடவே தயங்கினார்கள் என்றுதான் வரலாற்றாசிரியர்கள் அதுவரை சொல்லிவந்தார்கள்.