வீட்டுத் தேனும் விளம்பரமும்

சொந்த நிலம் இல்லாதவரும் செய்தற்குரிய உபதொழில்களுள் தேனீ வளர்ப்பு முதன்மையானது. மார்த்தாண்டத்தில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார் 1920-களில் தொடங்கிய கிராமப் புனருத்தாரண நிலையத்தின் வாயிலாகவும், அதனை நடத்திய டாக்டர் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவரின் முயற்சியாலும், இத்தொழில் அப்பக்கத்துக் குடிசைகள்தோறும் பரவிற்று. 1991-92 ஆம் ஆண்டுகளில் தாய் சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய் தென்னாட்டில் புகுந்து இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்தது. நோய்க்குத் தப்பிய கூட்டங்களைப் பெருக்கியே வளர்ப்போர் மீண்டும் தொழிலை நிலைநிறுத்தினர்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த தேனை மொத்த வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவோர் பலர். வீட்டிலேயே புட்டிகளில் அடைத்து நேராக விற்றால் ஆதாயம் மிகும். ஆனால் நேராக விற்பதற்கு வாங்குவோர் வேண்டும். வாங்குவோர் அறிவதற்கு விளம்பரம் வேண்டும். எந்த விளம்பரம் என்பதே ஆராயத்தக்கது.

எத்தனை வீடுகள் வேண்டும்?

முதலில் சரக்கை அளந்து, பின்னரே விளம்பரத்தை நினைத்தல் வேண்டும். ஒரு குடும்பத்தாரிடம் பத்துப் பெட்டிகள் இருப்பதாகவும், பெட்டி ஒன்றுக்கு ஆண்டில் சராசரி 6 கிலோ தேன் கிடைப்பதாகவும் வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 60 கிலோ. வீட்டுச் செலவுக்கும் உறவினருக்கும் ருசி பார்க்கக் கொடுப்பதற்கும் 10 கிலோ கழித்தால், எஞ்சிய 50 கிலோ, நூறு அரைக்கிலோ புட்டிகளாகும். மூன்று மாதத்துக்கு ஒரு புட்டி வாங்கும் வீடு ஆண்டில் நான்கு புட்டிகள் வாங்கும். ஆகவே அக்குடும்பத்தாருக்கு வேண்டுவன இருபத்தைந்து வீடுகளே. ஊரறிய முழக்கம் செய்து ஆயிரம் பேரைத் திரட்ட வேண்டுவதில்லை. இருபத்தைந்து வீடுகளைத் தேடிக் கண்டு, அவை விலகாதபடி காத்துக்கொண்டால் போதும்.

வழிகளை நிறுத்துப் பார்த்தல்

நோட்டீஸ் அச்சிட்டுத் தினசரிப் பத்திரிகையோடு வைத்து அனுப்புதல் ஒரு வழி. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தல் மற்றொரு வழி. புட்டி ஒன்றுக்கு எல்லாச் செலவும் போக 80 ரூபாய் மிஞ்சுவதாகவும், நோட்டீசுக்கு 2,000 ரூபாய் ஆவதாகவும் கொண்டால், அச்செலவை ஈடுகட்டவே 25 புட்டிகள் விற்றாக வேண்டும். நூறு புட்டிகளே உடையவருக்கு அது விளைவில் கால்பங்கு. பெருவிளைவு உடையவருக்குப் பொருந்தும் வழி சிறுவிளைவினருக்கு நஷ்டமாய் முடிவது இங்ஙனமே.

செலவு குறைந்த வழிகள் பல உண்டு. வீட்டு வாசலில் தெளிந்த எழுத்தில் ஒரு பலகை. வாரச்சந்தையில் சிறு கரண்டியால் ருசி காட்டி விற்றல். ஊரில் பலரும் வந்து செல்லும் நாட்டு மருந்துக் கடையிலோ மளிகைக் கடையிலோ நான்கு புட்டிகள் வைத்தல். கலியாணத்தில் தாம்பூலத்தோடு கொடுக்கச் சிறு குப்பிகள் ஆயத்தம் செய்து தருதல் ஆகியன அவற்றுட் சில. கைப்பேசி வாட்ஸ்அப் குழுக்களில் படம் போட்டு அறிவித்தலுக்கும் காசுச் செலவு பெரிதில்லை. எனினும் எல்லாவற்றையும் ஒருங்கே மேற்கொள்ளலாகாது. இரண்டு வழிகளைத் தெரிந்தெடுத்து, புதிதாக வருவோர் ஒவ்வொருவரையும், "தேன் இங்குக் கிடைக்குமென்று தங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்தல் நன்று. ஒரு பருவம் கழிந்தபின் அக்குறிப்பைப் பார்த்தால், எவ்வழி ஆள் சேர்த்தது, எவ்வழி வீண் என்பது தானே விளங்கும்.

சந்தேகமே பெருந்தடை

தேன் வாங்குவோர் மனத்தில் முதலில் எழும் கேள்வி விலையைப் பற்றியதன்று. கலப்படம் உண்டோ என்பதே. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தல், திரியில் தோய்த்துக் கொளுத்தல், எறும்பு மொய்க்கிறதா என்று காத்திருத்தல் முதலிய சோதனைகளை நம்புவோர் பலர். இவை நிச்சயம் தருவன அல்ல. தேனின் நீர்ப்பங்கு மாறினாலே இச்சோதனைகளின் முடிவும் மாறும். அவ்வாறே, தேன் உறைந்து மணல் மணலாக ஆவதைக் கண்டு சர்க்கரை கலந்ததென்று புட்டியைத் திருப்பி அனுப்புவோரும் உளர். தேனில் இயல்பாயுள்ள குளுக்கோஸ் உறைவதே அதற்குக் காரணம். புட்டியை இளஞ்சூடான நீரில் வைத்திருந்தால் பழையபடி இளகிவிடும். இச்செய்தியைப் புட்டியின் சீட்டிலேயே இரண்டு வரியில் அச்சிட்டு வைத்தல் எந்த நோட்டீசிலும் சிறந்தது.

அதனினும் மேலான விளம்பரம், தேன் எடுக்கும் நாளில் வாங்குவோரை வீட்டுக்கு அழைத்தல். தேன் அறையின் சட்டங்களில் கண்ணறைகள் பெரும்பாலும் மெழுகால் மூடப்பட்ட பின்னரே எடுப்பதையும், பிழியும் கருவியிலிருந்து தேன் வழிவதையும் கண்ணாற் கண்டவர் தாமே பத்துப் பேரிடம் சொல்வார். குமரி மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் புதிதாகத் தளிர்க்கும் மாசி, பங்குனி மாதங்களில் கிடைப்பது, பூவிலிருந்தன்றி இலைக்காம்பிலுள்ள சுரப்பிகளிலிருந்து வரும் தேன். அதையும் மறையாது சொல்லுதல் நலம். மழைக்காலப் பஞ்சத்தில் கூட்டங்களுக்குச் சர்க்கரைப்பாகு வைப்பதைக் கண்டு அயலார் ஐயுறக்கூடும். அப்பாகு பஞ்சகாலத்தில் கூட்டம் அழியாது காப்பதற்கேயன்றித் தேனாக விற்பதற்கன்று என்று விளக்கி, அக்காலத்தில் தேன் எடாது நிறுத்தியும் காட்டல் வேண்டும்.

சொல்லத்தகாதவை

தேன் சர்வரோக நிவாரணி என்று எழுத ஆசை பிறக்கும். அது ஆபத்தானது. சர்க்கரை வியாதி முதலிய நோய்களைத் தீர்க்குமென விளம்பரம் செய்வதை 1954 ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணிகள் பற்றிய சட்டம் தடுக்கிறது. உணவுப்பொருளைப் பற்றிப் பொய்யான விளம்பரம் செய்வோருக்கு, 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடந்தருகிறது. அச்சட்டப்படி பதிவு செய்துகொண்டு, பதிவு எண், நிகர எடை, புட்டியில் அடைத்த நாள், விலாசம் ஆகியவற்றைச் சீட்டில் குறித்தலே நேர்வழி.

மற்றொன்று மிக முக்கியம். பிறந்த குழந்தைக்குத் தேனில் சேனை வைக்கும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. தேனில் சிற்சில சமயம் இருக்கும் ஒருவகை நுண்ணுயிர் வித்துக்கள், ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் முளைத்து உயிருக்கே கேடு விளைக்கக்கூடும். ஆதலின் சீட்டில் சிசுவின் படம் போடலாகாது. "ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கற்க" என்று எழுதிவைத்தல் விற்பவரின் கடமை. இவ்வாறு எழுதினால் விற்பனை குறையுமென்று அஞ்ச வேண்டா. தம் சரக்கின் குறையையும் சொல்பவர் மற்றவற்றில் பொய் சொல்லார் என்ற எண்ணமே வாங்குவோர்க்கு உண்டாகும்.

கேட்பது மிகுந்தால்

விளம்பரம் பலிக்காமற் போவதினும், அளவுக்கு மீறிப் பலிப்பதில் அபாயம் அதிகம். கைப்பேசியில் அனுப்பிய படம் கைமாறி ஊர்விட்டு ஊர் போய், ஒரே வாரத்தில் நாற்பது பேர் தேன் கேட்கிறார்கள். வீட்டிலோ எட்டுப் புட்டிகளே உள்ளன. பணம் கண்முன் நிற்கிறது. எங்கேனும் மலிவாகத் தேன் வாங்கித் தம் சீட்டை ஒட்டி அனுப்பிவிடலாமென்ற நினைவு அப்போதுதான் தோன்றும். அப்படி அனுப்பிய தேன் நல்லதாகவே இருந்தாலும், முன் வாங்கியவர் மணமும் நிறமும் வேறென்பதை நாவில் வைத்ததும் அறிவார். வாங்கிய தேன் கலப்படமாயின், சட்டத்தின் முன் நிற்பவர் சீட்டுக்கு உரியவரே. பல பருவம் காத்த இருபத்தைந்து வீடுகளும் ஒரு பருவத்தில் போய்விடும்.

அத்தகைய சமயத்தில் செய்யத்தக்கவை இரண்டு. ஒன்று, கேட்டோர் பெயரை வரிசையாக எழுதிவைத்து, அடுத்த பருவத்தில் முதற்புட்டி அவர்களுக்கே என்று சொல்லுதல். மற்றொன்று, தமக்கு நன்கு தெரிந்த அண்டை வளர்ப்போரின் தேனை, அவர் பெயரையே சீட்டிலிட்டு விற்றுக்கொடுத்தல். முன்னதனால் பெட்டிகளைப் பெருக்க ஊக்கம் உண்டாகும். பின்னதனால் ஊரார் ஒன்றுகூடி விற்க வழி பிறக்கும்.

பெட்டிகளின் எண்ணிக்கைக்குத் தக்க விளம்பரமும், விளம்பரத்துக்குத் தக்க தேனும் உடையவருக்கு நஷ்டமில்லை. வரும் மாசியில் தேன் எடுக்க இருப்போர், சீட்டு அச்சிடுவதற்குமுன் நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி, தமக்கு வேண்டிய வீடுகள் எத்தனை என்று முதற்பக்கத்தில் எழுதிக்கொள்வாராக.